கொம்பிரசரில் ஓயாத சீறல்

உழவு இயந்திரத்துக்கும் சயிக்கிளுக்கும் காற்றடிக்க வீட்டில் வைத்திருக்கும் சிறு கொம்பிரசர், நின்றதும் சில விநாடி சீறுவது வழமை. குழாயில் எஞ்சிய காற்றே அவ்வாறு வெளியேறுகிறது. சீறல் ஓயாமல் நீடித்து, மீண்டும் போடும்போது மோட்டர் சுழல முடியாமல் முனகினால், மோட்டர் பழுதென்று உடனே முடிவுகட்ட வேண்டாம். தாங்கிக்குள் காற்றுப் புகும் இடத்திலுள்ள ஒருவழி வால்வு சரியாக மூடாததால், காற்றுத் திரும்பி வருகிறது. அப்படியே விட்டால் நல்ல மோட்டரும் எரிந்துபோகலாம்.

முதலில் பிளக்கைக் கழற்றுவோம். தாங்கியின் அடியிலுள்ள திருகைத் திறந்து, மானி பூச்சியம் காட்டும்வரை காற்று முழுவதையும் வெளியேற்றுவோம். அமுக்கம் இருக்கும்போது கழற்றினால் வால்வு தெறித்து ஆளைக் காயப்படுத்தும். சூடு ஆறியபின் குழாய்களைக் கழற்றி வால்வை எடுப்போம். கரி மட்டும் படிந்திருந்தால் துடைத்தாலே போதும். உள்வட்டு தேய்ந்திருந்தால், பழையதைக் கடைக்குக் கொண்டுபோய், அதே அளவும் புரியும் உள்ளதை வாங்குவோம். புரியில் வெள்ளை நாடா சுற்றிப் பூட்டுவோம். இயக்கியபின் மூட்டுகளில் சவர்க்கார நீர் தடவுவோம். குமிழி வந்தால், மீண்டும் காற்றை வெளியேற்றிவிட்டு இறுக்குவோம்.

வால்வை மாற்றலாம். ஆனால் துருப்பிடித்து ஓட்டையான தாங்கிக்கு ஒட்டுப்போட வேண்டாம், அது வெடிக்கக்கூடும்.