மாலை போட்டிருக்கேனுங்க

ஒயின்ஷாப் காலத்துத் திருப்பூரில், குடியை நிறுத்த நினைத்த பனியன் கம்பெனி டெய்லர் ஒருவர் வெளியில் சொல்லிக்கொள்ள ஒரே ஒரு காரணம்தான் இருந்தது: "மாலை போட்டிருக்கேனுங்க." கார்த்திகையில் சபரிமலைக்கு, தையில் பழனிக்கு. அதைச் சொல்லிவிட்டால் சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் யாரும் தோளில் கைபோட்டு இழுக்க மாட்டார்கள். மாலையைக் கழற்றிய அன்றே இழுப்பார்கள். நெடுநாள் அளவுமீறிக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுங்கும், தூக்கம் போகும். சிலருக்கு வலிப்பும் சித்தப்பிரமையும் வந்து உயிருக்கே ஆபத்தாகும். விரதம் என்று சொன்னவரிடம் இதையெல்லாம் கேட்க எந்த டாக்டரும் இல்லை.

மற்றதெல்லாம் மறைப்பு. திங்கட்கிழமை வேலைக்கு வராதவருக்காக மனைவி வந்து காய்ச்சல் என்பார். என்ன காய்ச்சல் என்று கட்டிங் மாஸ்டருக்கும் தெரியும், கான்ட்ராக்டருக்கும் தெரியும். ஷிப்மென்ட் நெருங்கும் வாரமென்றால் வசவு, இல்லையென்றால் சிரிப்பு. குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்துகொடுக்கும் மருந்துகளுக்கு ஊரெங்கும் விளம்பரம். நோயாளியிடமே நோயை மறைத்து ஒரு வைத்தியம்! டைசல்பிரம் மாத்திரையை அப்படிக் கலந்துகொடுத்து, விஷயம் தெரியாமல் அவர் குடித்துவிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து ஆளையே கொன்றுவிடலாம்.

மறைக்காத குடும்பம் ஒன்று சென்னையில் இருந்தது. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980இல் போதை சிகிச்சைக்கென ஓர் அமைப்பைத் தொடங்கி, அதற்கு டி.டி.ரங்கநாதன் என்று அந்தக் கணவரின் பெயரையே வைத்தார். பெரிய தொழில் குடும்பம் அது. மாரடைப்பு என்று சொல்லி மூடியிருக்கலாம். அந்தப் பெயர்ப்பலகையைத் துணிச்சல் என்றே சொல்வேன்.

அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் 1935இல் இரண்டு குடிநோயாளிகள் மனம்விட்டுப் பேசியதில் பிறந்த 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' கூட்டங்கள் இன்று தமிழிலும் நடக்கின்றன. "நான் ஒரு குடிநோயாளி" என்றுதான் பேச்சு தொடங்கும். மறுபடி குடித்துவிட்டவரும் வந்து அதைச் சொல்லலாம். யாரும் முகம் சுளிப்பதில்லை. அதே சமயம் யாருடைய முழுப்பெயரும் பத்திரிகைக்குப் போகாது. மனம் திறப்பது என்றால் டீக்கடையில் அறிவிப்பது அல்ல, கேட்கத் தெரிந்தவரிடம் சொல்வது. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டமும் மது, போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைப் பாதிப்புகளை நோயென்றே ஏற்று, சிகிச்சை விவரங்களை ரகசியமாகக் காக்கும் உரிமையைத் தருகிறது.

ஆண்கள் அறைக்குள் பேசப் பழகும்போது பெண்கள் நடுரோட்டிலேயே பேசிவிட்டார்கள். 2017 ஏப்ரலில், திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் டாஸ்மாக் கடைக்கு எதிராக மறியல் செய்த பெண்களில் ஒருவரைப் போலீஸ் அதிகாரி கன்னத்தில் அறைந்ததை நாடே வீடியோவில் பார்த்தது. ஆனால் தானே குடிக்கும் ஒரு செக்கிங் பெண் அதை யாரிடம் சொல்வார்? ஒடிசாவிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பையன் எந்த மொழியில் சொல்வான்? இந்த இரண்டிலும் ஊர் இன்னும் பழைய இடத்திலேயே நிற்கிறது.

கம்பெனி முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை. மிஷினில் ஊசி உடைந்தால் மாற்றிப் போட்டுத் தைக்கிறீர்கள். ஆள் ஊசியல்ல. சிகிச்சைக்குப் போகிறேன் என்று வந்து சொல்பவரைக் கணக்குத் தீர்த்து அனுப்பாதீர்கள். திரும்பி வரும்வரை அவருடைய இடத்தை வைத்திருங்கள். யாரிடம் பேசுவது என்று தெரியாதவர்களுக்கு அரசின் டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது. கட்டணமில்லை, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலும் இந்தியிலும் பேசலாம்.