தலைக்கு மேலே ஏன் இந்த இரைச்சல்?

அமெரிக்காவின் பழைய மோட்டார்ஹோம்களில், அதாவது வீடாகவே அமைந்த வண்டிகளில், படுத்தவர்களுக்குத் தெரியும்: கூரை ஏசி ஓடத் தொடங்கினால் பக்கத்தில் இருப்பவர் பேச்சே கேட்காது. வீட்டு ஸ்பிளிட் ஏசியில் கம்ப்ரசர் சுவருக்கு வெளியே இருக்கும். இங்கே கம்ப்ரசர், மோட்டார், விசிறிகள் எல்லாம் ஒரே பெட்டிக்குள், மெல்லிய கூரையின் மேல். அந்தக் கூரை பறைத்தோல் மாதிரி. சிறு அதிர்வையும் வாங்கிப் பெரிதாக்கி உள்ளே கொட்டும்.

அந்த அதிர்வை விழுங்க வேண்டியது, பெட்டிக்காகக் கூரையில் வெட்டிய சுமார் 14 அங்குலச் சதுரத் துளையைச் சுற்றியுள்ள நுரை கேஸ்கெட். பல வருட வெயிலில் அது தட்டையாகிவிடும். உள்ளிருந்து பெட்டியை இழுத்துப் பிடிக்கும் நீள போல்ட்டுகளும் தளரும். பிறகு கடகடப்பு, மழை பெய்தால் ஒழுக்கு. அதற்காகப் போல்ட்டுகளைப் பலமெல்லாம் கூட்டி முறுக்கிவிடாதீர்கள். நசுங்கிய நுரை அதிர்வை அப்படியே கடத்தும். கேஸ்கெட்டை மாற்றுவதுதான் முறை.

சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டால் பழுது பிடிபடும். முனகிவிட்டுக் கம்ப்ரசர் கிளம்பாவிட்டால் முதலில் கெபாசிட்டரைச் சந்தேகிக்கலாம். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதில் மின்னூட்டம் தங்கியிருக்கும், வெறுங்கையால் தொடவே கூடாது. கிறீச்சிட்டால் மோட்டார் பேரிங். தாளம் போட்டு அதிர்ந்தால் விசிறியில் அழுக்கு ஒரு பக்கமாகப் படிந்திருக்கலாம், கழுவிப் பாருங்கள்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. குளிர்காற்றுப் பாதைக்கும் அறைக்காற்றை உறிஞ்சும் பாதைக்கும் நடுவே உள்ள தடுப்பில் இடைவெளி இருந்தால், குளிர்காற்று அறைக்கு வராமலே திரும்பிவிடும். அலுமினிய டேப்பால் அதை அடைத்தால் அறை சீக்கிரம் குளிரும், கம்ப்ரசரும் சீக்கிரம் ஓயும்.