வீரமும் பூரமும்: இரசாயனச் சேர்வைகளின் பெயரும் சூத்திரமும்

சித்த மருத்துவ நூல்களிலே வீரம், பூரம் என இரு பாடாணங்கள் பேசப்படுகின்றன. இரண்டும் வெண்ணிறமானவை, இரசமும் குளோரீனும் சேர்ந்து உண்டானவை. ஆயினும் வீரம் நீரிற் கரைவது, கொடிய நஞ்சு. பூரமோ நீரிற் கரையாததென்றே சொல்லத்தக்கது. இதனை ஐரோப்பிய வைத்தியரும் கலோமல் என்னும் பெயரால் நெடுங்காலம் பேதிமருந்தாக வழங்கினர். (அதுவும் தீங்கற்றதன்று. பல் முளைக்கும் பருவத்துக் குழந்தைகளுக்கு இங்கிலாந்திற் கொடுக்கப்பட்ட கலோமற்றூள், நோய்க்குக் காரணமெனக் கண்டு 1950-களிற் கைவிடப்பட்டது.)

வீரம், பூரம் என்பன செவிக்கினிய பெயர்களே. ஆனால் அப்பொருள்களில் அடங்கியவை யாவை என்பதை அவை கூறா. ஐரோப்பியரின் பழம்பெயர்களும் இத்தகையனவே. 1787-இல் இலவோசியர் முதலிய நால்வர் பாரிசில் வெளியிட்ட நூலே, சேர்வையின் பெயர் அதன் கூறுகளை உணர்த்தல் வேண்டும் என்னும் நெறியை நிலைநாட்டியது. பின்னர், சுவீடன் தேசத்துப் பெர்சீலியசு மூலகங்களுக்கு இலத்தீன் பெயர்களிலிருந்து எழுத்துக் குறியீடுகளை வகுத்தார். இரசத்துக்குரிய ‘எச்ஜி’ என்னும் குறியீடு, ‘நீர்வெள்ளி’ எனப் பொருள்படும் ஐதராசிரம் என்னும் சொல்லினின்றும் பிறந்தது.

சூத்திரத்திலுள்ள இலக்கங்கள் தராசு தந்தவை. 200.6 கிராம் இரசத்தோடு பூரத்தில் 35.5 கிராம் குளோரீனும், வீரத்தில் 71 கிராம் குளோரீனும் சேர்ந்துள்ளன. குளோரீனின் அணுநிறை 35.5 ஆதலின், வீரத்தில் ஓர் இரச அணுவுக்கு இரு குளோரீன் அணுக்கள் உள. அதன் சூத்திரம் எச்ஜிசீஎல்₂.

பூரத்தின் சூத்திரம் யாது? வலுவளவுகளை இடம்மாற்றி எழுதும் முறையை மாணாக்கர் மந்திரம்போல் உருவேற்றுவர். அம்முறைப்படி எச்ஜிசீஎல் என்பதே விடை. பழைய நூல்கள் அவ்வாறே எழுதின. உண்மையிலோ பூரத்தில் இரு இரச அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்து, இரு நேரேற்றங்களையுடைய ஒரே அயனாக விளங்குகின்றன. ஆகவே எச்ஜி₂சீஎல்₂ என்பதே சரியான சூத்திரம்; இதனை இரண்டாற் சுருக்குதல் தவறு. கல்சியம் ஒட்சைட்டிலே அத்தகைய இணை அயன் இல்லாமையால், அங்கே சுருக்கியெழுதுதல் முறையாகும். இடம்மாற்றும் முறை பயனுள்ள கருவியே. ஆனால் அணுக்கள் எவ்வாறு பிணைந்துள்ளன என்பதை அது அறியாது.

இனிப் பெயர். மேர்க்கூரசுக் குளோரைட்டு, மேர்க்கூரிக்குக் குளோரைட்டு என்னும் வழக்கிலே, மருந்துக்கும் நஞ்சுக்குமிடையே நிற்பது ஒரு விகுதி மாத்திரமே. விரைந்தெழுதுங் கைக்கு இது போதிய காவலன்று. 1919-இல் அல்பிரட்டு சுடொக்கு என்னும் ஜெர்மானியர், உலோகத்தின் ஒட்சியேற்ற நிலையை உரோம இலக்கத்தால் அடைப்பினுட் குறிக்கும் முறையை முன்மொழிந்தார். அதன்படி பூரம் இரசம்(ஒன்று) குளோரைட்டு. வீரம் இரசம்(இரண்டு) குளோரைட்டு. இவ்விலக்கத்தை அணுக்களின் தொகையென மயங்குவோர் பலர். இரண்டு இரச அணுக்களையுடைய பூரத்தின் பெயரில் ‘ஒன்று’ நிற்பதை நோக்கின் அம்மயக்கம் நீங்கும்.

பெயர்ச்சீட்டு அழிந்த இரு போத்தல்களிலே எது எதுவென்று காண ஓர் எளிய சோதனை உண்டு. ஒவ்வொன்றிலும் சிறிது எடுத்து அமோனியாக் கரைசல் சில துளி விட்டாற் பூரம் கறுக்கும். வீரம் வெண்ணிறமாகவே இருக்கும்.