ஒரு நோய்க்கு இரண்டு மருந்து எதற்கு?

குடல்வால் வெடித்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கு இரண்டு கிருமிக்கொல்லி மருந்துகள் ஏற்றப்படும்போது, நோய் முற்றிவிட்டதோ எனக் குடும்பத்தார் அஞ்சுவதுண்டு. காரணம் வேறு.

குடலில் பலவகைக் கிருமிகள் வாழ்கின்றன. குடலில் ஓட்டை விழுந்தால் அவை வயிற்றுக்குள் பரவும். பிராணவாயு இல்லாத இடத்தில் வளரும் கிருமிகளை மெட்ரோனிடசோல் கொல்லும், ஆனால், இ.கோலியை அது ஒன்றும் செய்யாது. அதற்கு செஃபுராக்சிம் போன்ற இன்னொரு மருந்து வேண்டும்.

மருந்து வேலை செய்கிறதா என்பதைக் காய்ச்சல், இரத்த வெள்ளை அணுக்கள், வயிற்று வலி ஆகியவற்றைக் கொண்டு மருத்துவர்கள் கணிக்கின்றனர். சீழைச் சோதித்து, எந்தக் கிருமி எதற்கு அடங்கும் என்று தெரிந்ததும் மருந்தை மாற்றுவதும் உண்டு.

அதிக நாள் மருந்து கொடுத்தால் அதிகப் பலன் என்பதும் இல்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் வயிற்றுக்குள் கிருமித்தொற்று ஏற்பட்ட 518 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2015இல் வெளியானது. தொற்றின் மூலத்தை முறையாகச் சரிசெய்தபின், ஏறக்குறைய 4 நாள் மருந்தே நீண்ட சிகிச்சைக்கு ஈடான பலனைத் தந்தது.

பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வீட்டுக்குக் கொடுத்த மாத்திரையை மருத்துவர் சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள். பாதியில் நிறுத்தி, மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்காதீர்கள்.