பற்றுச்சீட்டுப் புத்தகம்

“வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்” என்றனர் நம் முன்னோர். கட்டிய வீட்டிற் பிறரைக் குடியிருத்திப் பார்க்கும்படி அவர்கள் சொல்லவில்லை. சொல்லியிருப்பின், மற்ற இரண்டினும் அதுவே கடினமானது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருப்பர்.

வீட்டுச் சொந்தக்காரர் என்றதும் பெருஞ் செல்வர் ஒருவரே பலருடைய மனக்கண்ணில் தோன்றுவார். நம் ஊர்களின் நிலைமை வேறு. சீதனமாய்க் கிடைத்த வீட்டின் பாதியை வாடகைக்கு விட்டுச் சீவிக்கும் கைம்பெண், ஓய்வூதியம் மாத முடிவுவரை எட்டாமையால் இரண்டு அறைகளைப் பல்கலைக்கழக மாணவருக்குக் கொடுத்திருக்கும் ஆசிரியர், வெளிநாட்டிலுள்ள தமையனின் வீட்டைப் பராமரிக்கும் தம்பி ஆகிய இவர்களே நம்மிடையே மிகுதி. நானும் இவ்வரிசையில் ஒருவன். திருநெல்வேலியில் தாயார் வழி வந்த வீட்டின் மேற்குப் பாதியைப் பல ஆண்டுகளாக வாடகைக்கு விட்டு வருகிறேன்.

அச்சம் பிறந்த கதை

இத்தகையோர் பலரின் உள்ளத்தில் ஓர் அச்சம் குடிகொண்டிருக்கிறது. வந்து இருப்பவர் எழும்ப மறுத்தால் என் செய்வது என்பதே அது. அதற்குக் காரணம் இல்லாமலில்லை. உலக யுத்த காலத்தில், 1942ஆம் ஆண்டின் 60ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வாடகை உயர்வுக்குக் கடிவாளம் இட்டது. யுத்தம் முடிந்த பின்னரும் கடிவாளம் கழற்றப்படவில்லை. 1948இலும், மீண்டும் 1972இலும் புதிய சட்டங்கள் வந்தன. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம், குடியிருப்பவர் இறந்தால் அவருடன் வாழ்ந்த மனைவியோ பிள்ளையோ அவ்விடத்தைத் தொடர்ந்து வைத்திருக்கவும் வழி செய்தது.

எத்தனையோ எளிய குடும்பங்கள் தெருவில் நில்லாதபடி காத்த சட்டம் அது. அந்நன்மையை மறுத்தல் தகாது. ஆயினும் வாடகை கூரை ஓட்டுக்கும் போதாத இடத்துச் சொந்தக்காரர் வீட்டைச் செப்பனிடாது விட்டார். வேறு சிலர் வாடகைக்குக் கொடுப்பதையே நிறுத்தினர். 1980இல் வந்த திருத்தம் அதன்பின் எழுந்த குடியிருப்பு வீடுகளை விலக்கி வைத்தது. சட்டம் தளர்ந்த பின்னும் அச்சம் தளரவில்லை. பூட்டிக் கிடக்கும் வீடுகளில் வௌவாலும் கறையானும் வாடகையின்றி வாழ்கின்றன.

பூட்டோடு நின்ற மாலை

அவ்வச்சத்தினால் நானும் ஒருமுறை பெருந் தவறொன்றைச் செய்ய இருந்தேன். உத்தியோக மாற்றம் பெற்று வந்த ஒருவர் மனைவி மக்களோடு வீடு கேட்டு வந்தார். முகம் நல்ல முகமாயிருந்தது. வாய்ச்சொல்லை நம்பித் திறப்பைக் கொடுத்தேன். எழுத்தும் இல்லை, பற்றுச்சீட்டும் இல்லை. இரு பாதிகளுக்கும் மின்மானி ஒன்றே. கிணற்று மோட்டரும் அதிலேதான் ஓடியது.

முதலாண்டில் ஒழுங்காய் வந்த வாடகை, இரண்டாம் ஆண்டிற் பிந்தியது. பின்னர் நின்றே போயிற்று. நான்கு மாதம் பொறுத்தேன். ஐந்தாம் மாதத்தில், அவர்கள் கோயில் திருவிழாவுக்குச் சென்றிருந்த மாலைப்பொழுதில், புதிய பூட்டொன்றை வாங்கிக்கொண்டு அவர்கள் வாசலில் நின்றேன்.

நல்லவேளையாக, நண்பரான நொத்தாரிசு ஒருவர் அப்போது படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

“மாஸ்டர், பூட்டைக் கொண்டுபோய் உள்ளுக்கு வையுங்கோ. நீங்கள் பூட்டினால் நாளைக்குக் கோட்டிலை நிக்கப்போறது அவரில்லை, நீங்கள்தான்” என்றார்.

அவர் விளக்கியது இது. அமைதி குலையக்கூடிய காணித் தகராறுகளை விசாரிக்க, 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தில் இடமுண்டு. விடயம் நீதிமன்றுக்கு வருவதற்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் ஒருவர் பலவந்தமாக வெளியேற்றப்பட்டிருந்தால், வீடு யாருடையது என்ற வினாவைத் தீர்க்காமலே அவரை மீண்டும் அங்கு இருத்தும்படி நீதிபதி கட்டளையிடலாம். உறுதி என் பெட்டியில் இருந்தாலும், பூட்டைத் திறந்துவிட வேண்டியவன் நானே ஆவேன்.

மறுநாட் காலையில் அவரை அழைத்து எதிரில் இருத்தி, வாடகை எங்கே என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை.

“மாஸ்டர், மாரிக்கு முந்தி ஓடு மாத்தித் தாறனெண்டு சொன்னனீங்கள். ரெண்டு மாரி போட்டுது. ஒருக்கா உள்ளுக்கு வந்து பாருங்கோ” என்றார்.

சென்று பார்த்தேன். சுவரில் மழைநீர் வழிந்த கறை. பிள்ளைகள் படுக்கும் அறையின் நடுவே ஓர் அலுமினியச் சட்டி. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்தை விட்டுப் புறப்பட்ட சனத்திரளோடு நாங்களும் சாவகச்சேரியை அடைந்தது அக்கணத்தில் நினைவுக்கு வந்தது. முன்பின் அறியாத ஒரு வீட்டு விறாந்தையில் மாதக்கணக்காக இருந்தோம். ஒரு சதமும் அவர்கள் கேட்டதில்லை. மழைச்சாரல் அடித்த இரவில், அவ்வீட்டு அம்மா தம் நெல்மூடைகளை நனையும் பக்கம் நகர்த்திவிட்டு, எங்கள் பிள்ளைகளைக் காய்ந்த நிலத்திற் படுக்க வைத்தார். அந்த விறாந்தையில் உறங்கிய நான், என் வீட்டுக் கூரையின் கீழ் உறங்கும் பிள்ளைகளுக்குச் சட்டி வைக்க விட்டிருந்தேன்.

கணக்குப் பார்த்தோம். சமையலறைப் பக்கத்து ஓடுகளை அவர் தம் பணத்தில் மாற்றியிருந்தார். மின்பட்டியலில் என் பாதிக்குரியதையும், என் தோட்டத்துக்கு ஓடிய மோட்டர்ச் செலவையும் அவரே கட்டியிருந்தார். நான்கு மாத வாடகையில் ஏறக்குறைய இரண்டு மாதத்தது அதிலேயே கழிந்தது. எஞ்சியதைத் தவணையாகத் தந்தார். நாங்கள் இருவரும் ஏமாற்றுக்காரர் அல்லர். எழுதி வையாமையால் ஒருவரையொருவர் அவ்வாறு எண்ணியிருந்தோம்.

எழுத்தே காவல்

அன்றே நகரக் கடையொன்றிற் கரித்தாள் வைத்த பற்றுச்சீட்டுப் புத்தகம் ஒன்றை வாங்கினேன். அது குடியிருப்பவருக்கு மாத்திரம் பாதுகாப்பு என எண்ணுதல் தவறு. பத்தாண்டு இருந்தவர் வீட்டைத் தமதென்பார் என்று அஞ்சுவோர் பலர். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, பத்தாண்டு ஆட்சியால் உரிமை கோருபவர், சொந்தக்காரரின் உரிமையை ஏற்காமலே அவ்விடத்தை ஆண்டிருத்தல் வேண்டும். வாடகை கொடுப்பவரோ மாதந்தோறும் அவ்வுரிமையை ஏற்கிறார். பற்றுச்சீட்டின் அடிக்கட்டையே அதற்குச் சாட்சி. “சும்மா இருந்து பார்த்துக்கொள்ளட்டும்” என்று ஒரு கடிதமும் இன்றித் திறப்பைக் கொடுத்துவிட்டுக் கப்பலேறியவர்களின் வழக்குகளே பெரும்பாலும் சிக்கலாகின்றன.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டு முதல் இந்நாட்டுச் சட்டம். வீண் செலவென்று நம்மிற் பலர் அதைத் தவிர்க்கிறோம். குத்தகைக்குக் கொடுத்த இடத்தை விரைவாக மீட்பதற்கு 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வழி வகுத்தது. எழுத்திலான ஒப்பந்தம் உடையவர்க்கே அவ்வழி பயன்படும். வாய்ச்சொல்லை நம்பியவர் பழைய நீண்ட வழியிலேயே நடக்க வேண்டும்.

திறப்பைக் கொடுக்கும் முன் நான் இப்போது செய்வன சில. மின்மானியின் இலக்கத்தை இருவரும் பார்த்துக் குறித்துக்கொள்கிறோம். பாதிக்கு ஒன்றாக வேறு மானியும் பூட்டியாயிற்று. யன்னற் கண்ணாடி, குழாய், கதவு முதலியவற்றின் நிலையை எழுதி இருவரும் ஒப்பமிடுகிறோம். முற்பணம் எவ்வளவு, எதற்காக அதிற் கழிக்கப்படும், எத்தனை மாத முன்னறிவித்தலோடு வெளியேறுவது என்பனவும் அதில் இருக்கும். கூரையும் கிணறும் என் பொறுப்பு. வாடகையில் ஒரு பங்கை அவற்றுக்கென ஒதுக்கி, ஆவணி கழியுமுன் ஓடு பார்ப்பவரை ஏற்றிவிடுகிறேன். கேளாமல் அவர்கள் பக்கம் செல்வதில்லை. வீடு என்னுடையதாயினும் அங்கு வாழ்வு அவர்களுடையது.

அன்று என் பூட்டுக்குத் தப்பிய அக்குடும்பம் மேலும் மூன்று ஆண்டு இருந்தது. மாற்றலாகிச் செல்லும் நாளில் அவர் வீட்டைக் கூட்டிக் கழுவி, திறப்பை என் கையிற் தந்தார். கடைசிப் பற்றுச்சீட்டை எழுதிக் கிழித்துக் கொடுத்தேன். அதை நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டவர், படலையடியில் திரும்பி நின்று, “மாஸ்டர், மேற்கு மூலையிலை ரெண்டு ஓடு வெடிச்சிருக்கு. மாரிக்கு முந்திப் பார்த்துக்கொள்ளுங்கோ” என்றார்.

அடுத்த நாளே ஆளைக் கூப்பிட்டு அவ்விரண்டையும் மாற்றினேன்.