எச்டி ரெடி என்றால் எதற்கு ரெடி?

32 அங்குல டிவியின் அட்டைப்பெட்டியில் ‘எச்டி ரெடி’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். எச்டி சிக்னல் வந்தால் வாங்கிக்கொள்ளும் என்பதுதான் அதற்கு அர்த்தம். வந்ததை முழுசாகக் காட்டும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. ஐரோப்பாவில் 2005இல் இந்த முத்திரை வந்தபோது முக்கியமாகக் கேட்டதும் அவ்வளவே: திரையில் குறைந்தது 720 வரிசைப் புள்ளிகள் வேண்டும், 720, 1080 இரண்டு வகை சிக்னலையும் ஏற்க வேண்டும்.

நம்மூரில் இந்தப் பெயரில் விற்கும் திரைகள் பெரும்பாலும் 1366 × 768. மொத்தம் பத்தரை லட்சம் புள்ளிகளுக்குச் சற்றுக் குறைவு. ஃபுல் எச்டி 1920 × 1080, அதாவது சுமார் 20.7 லட்சம். 4கே அதைப்போல நான்கு மடங்கு. இதில் 768தான் விசித்திரம். அந்தக் கணக்கில் எந்தச் சேனலும் ஒளிபரப்புவதில்லை. 1080 வந்தால் சுருக்கி, பழைய 576 வந்தால் இழுத்து, டிவிக்குள் இருக்கும் சில்லு ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் புதிதாகக் கணக்கிடுகிறது. ஒரே அளவு எழுதிய இரண்டு டிவிகளில் படம் வேறு வேறாகத் தெரிவதற்கு இந்தக் கணக்கின் தரமும் ஒரு காரணம்.

1080க்குப் பின்னால் ‘ஐ’, ‘பி’ என்று ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். ‘பி’ என்றால் எல்லா வரிசைகளும் ஒன்றாக வருகின்றன. ‘ஐ’ என்றால் முதலில் ஒற்றைப்படை வரிசைகள், பிறகு இரட்டைப்படை. நொடிக்கு 50 அரைப்படங்கள். இது 1930களின் தந்திரம். நொடிக்கு 25 முழுப்படம் மட்டும் காட்டினால் பிக்சர் டியூப் கண்ணெதிரே மினுக்கும். 50 முழுப்படம் அனுப்பினால் அலைவரிசையில் இரட்டிப்பு இடம் வேண்டும். அதனால் பாதி பாதியாக அனுப்பினார்கள். டியூப் ஒழிந்துவிட்டது, தந்திரம் ஒழியவில்லை. டிடிஎச்சில் வரும் எச்டி சேனல்கள் இன்றும் பெரும்பாலும் ‘ஐ’ வகைதான். இரண்டு பாதிகளையும் டிவிதான் தைத்துச் சேர்க்க வேண்டும். இடையில் ஐம்பதில் ஒரு நொடி போய்விடுகிறது. அதற்குள் பந்து நகர்ந்திருக்கும். தையல் சரியில்லாவிட்டால் பந்தின் விளிம்பு சீப்புப் பல்லாகத் தெரியும்.

அடுத்தது எல்இடி. இந்தப் பெயரில் விற்பவை உண்மையில் எல்சிடி டிவிகளே. எல்இடி என்பது பின்னால் எரியும் விளக்கு மட்டும். முன்னால் இருக்கும் திரவப் படிகத்துக்குச் சொந்த ஒளி கிடையாது. மின்னழுத்தத்துக்கு ஏற்ப அது ஒளியின் அதிர்வுத் தளத்தைத் திருப்பி, வெளியே விடும் அல்லது தடுக்கும். முழுக்கத் தடுக்க அதனால் முடியாது. இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் கறுப்பு சாம்பலாகத் தெரிவது இதனால்தான். ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். அங்கே கறுப்பு என்றால் அணைந்த புள்ளி.

ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம் என்றாலும் கியூஎல்இடி வேறு சங்கதி. அது மறுபடியும் எல்சிடியே. ஆனால் நீல விளக்கின் ஒளி சில நானோமீட்டர் பருமனுள்ள துகள்கள் மேல் பட்டு நிறம் மாறுகிறது. சிறிய துகள் பச்சையாக ஒளிரும், அதே பொருளாலான சற்றுப் பெரிய துகள் சிவப்பாக ஒளிரும். துகள் சிறுக்கச் சிறுக்க உள்ளே எலக்ட்ரானுக்கு இடம் நெருக்கடியாகி, அது உமிழும் ஒளியின் ஆற்றல் கூடுகிறது. பொருளை மாற்றாமல் பருமனை மட்டும் மாற்றி நிறத்தை மாற்றும் இந்தக் குவாண்டம் புள்ளிகளுக்காக பாவெண்டி, புரூஸ், எகிமோவ் மூவருக்கும் 2023இன் வேதியியல் நோபல் கிடைத்தது.

புள்ளிக் கணக்குக்கு வரம்பு கட்டுவது நம் கண். நல்ல பார்வையுள்ளவரால் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரைதான் பிரித்தறிய முடியும். 43 அங்குல ஃபுல் எச்டி திரையில் ஒரு புள்ளி சுமார் அரை மில்லிமீட்டர். ஐந்தரை அடிக்கு அப்பால் உட்கார்ந்தால் அதுவே தனித்துத் தெரியாது. ஒன்பது அடி தள்ளி சோபா போட்டிருப்பவர் அந்த அளவில் 4கேக்கென்று கூடுதல் பணம் கொடுப்பது எனக்கு வீண் செலவாகவே படுகிறது. அந்தப் பணத்தைக் கறுப்புக்கும் நிறத்துக்கும் கொடுக்கலாம். ஒவ்வொரு அடிப்படை நிறத்துக்கும் 256 படிகள் இருந்தால் சுமார் 1.68 கோடி நிறங்கள். வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையிலான வீச்சைக் கூட்டிக் காட்டும் எச்டிஆர் முறை கேட்கும் 1024 படிகளில் 107 கோடி. அந்திவானம் பட்டை பட்டையாகத் தெரியாமல் இழைவது இந்தப் படிகளால்.

கடையில் ஓடும் மயிலும் பூவும் எந்த டிவியிலும் பளிச்சென்றுதான் இருக்கும். ‘சினிமா’ மோடுக்கு மாற்றச் சொல்லி, பென்டிரைவில் கொண்டுபோன இருட்டுக் காட்சி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். வெள்ளை எழுத்தில் சப்டைட்டில் இருந்தால் இன்னும் நல்லது. பின்விளக்கைப் பகுதி பகுதியாக அணைக்கும் டிவி என்றால், பகுதிகள் எவ்வளவு பெரியவை என்பதை அந்த எழுத்தைச் சுற்றிப் படரும் வெளிச்சமே காட்டிக்கொடுத்துவிடும்.