காலமறிந்து திறக்கும் கண்

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, வேலூர் செல்லும் பெருவழியையொட்டி அமைந்த ஊர் திருப்புட்குழி. புள்ளரசனாகிய சடாயுவுக்கு இராமபிரான் இறுதிக்கடன் ஆற்றிய இடம் இதுவெனத் தலவரலாறு கூறும். விஜயராகவப் பெருமாள் இங்கே கோயில் கொண்டுள்ளார். இவ்வட்டாரத்தின் மற்றொரு சிறப்புப் பட்டு நெசவாகும்.

தறியில் அமர்ந்தவர் மிதியை அழுத்தப் பாவிழைகள் இரு கூறாகப் பிரிகின்றன. அவ்விடைவெளி திறந்திருக்கும் சிறுபொழுதில் நாடா ஊடையைச் சுமந்து ஓட வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் இழை சிக்கும். உடலும் கரையும் வெவ்வேறு நிறமான கோர்வைச் சேலையிலோ, இருவர் கைகள் ஒரே கணக்கில் இயங்க வேண்டும். தொழிற்சாலைகளில் பொருள்களைச் சோதிக்கும் காமிராக்களுக்கும் இத்தகைய காலக்கணக்கு இன்றியமையாதது. 'இப்பொழுது படம் எடு' எனக் காமிராவுக்கு ஆணையிடும் குறிப்பைத் தூண்டுகுறி என்னலாம். தொழிலறிந்தோர் டிரிக்கர் என்பர்.

இம்முறையின் தொடக்கமும் நூலோடு தொடர்புடையது. விரைந்தோடும் குதிரையின் நான்கு கால்களும் ஒருசேர நிலத்தை விட்டு எழுமா என்னும் ஐயம் நெடுநாள் நிலவியது. 1878ஆம் ஆண்டு சூன் திங்களில், அமெரிக்காவின் பாலோ ஆல்டோவில், எட்வர்டு மைபிரிட்ஜ் என்பார் ஓட்டப்பாதையோரம் 12 காமிராக்களை வரிசையாக நிறுத்தினார். பாதையின் குறுக்கே நூல்களைக் கட்டினார். குதிரை ஒவ்வொரு நூலையும் அறுத்துச் செல்ல, அதனோடு இணைந்த காமிரா படம்பிடித்தது. கால்கள் நான்கும் எழுவது உண்மையென உலகம் அறிந்தது.

இன்று நூலின் இடத்தை ஒளிக்கதிர் ஏற்றுள்ளது. மருந்துப் புட்டிகள் ஓடும் பட்டையின் ஒருபுறம் ஒளி உமிழும் கருவியும், எதிர்ப்புறம் அதனை உணரும் கருவியும் இருக்கும். புட்டி கதிரை மறைத்தவுடன் மின்குறிப்புப் பிறக்கும். காமிராவும் விளக்கும் ஒருங்கே விழிக்கும். பட்டை நொடிக்கு 1 மீட்டர் விரைந்தால், நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் புட்டி 1 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். ஆதலின், படம் மங்காதிருக்க, ஒளி ஏற்கும் நேரத்தை நொடியின் பதினாயிரத்தில் ஒரு பங்காகச் சுருக்கலாம். அதற்குள் புட்டி நகர்வது 0.1 மில்லிமீட்டரே. குறிப்பு நொடியின் பத்தில் ஒரு பங்கு தாழ்ந்தாலோ, புட்டி 10 சென்டிமீட்டர் கடந்துவிடும். காமிரா வெற்றிடத்தையே காணும். மூடி சரியாகப் பொருந்தாத புட்டி சோதனைக்குத் தப்பி, நோயாளியின் கையை அடையவும் கூடும். கணிப்பொறி வழியாக ஆணையிடுவதும் உண்டு. ஆனால், அது வேறு பணியில் ஈடுபட்டிருப்பின் ஆணை தாழும். எனவே விரைந்த தொழிலுக்கு, உணர்கருவியைக் காமிராவுடன் கம்பியால் நேரே இணைப்பர்.

துணியைச் சோதிப்பது வேறுவகை. துணி இடையறாது நீண்டு ஓடுவதாகும். அதனை ஒவ்வொரு வரியாகப் படம்பிடிக்கும் காமிரா உண்டு. ஊடைகள் அடுக்கி ஆடை ஆவதுபோல, வரிகள் அடுக்கிப் படம் ஆகிறது. கடிகாரக் கணக்கில் வரிகளை எடுத்தால், துணி மெதுவாகச் செல்கையில் உருவம் நீளும், விரைகையில் குறுகும். இதனைத் தவிர்க்க, உருளையோடு அதன் சுழற்சியை அளக்கும் கருவியைப் பொருத்துவர். துணி 0.1 மில்லிமீட்டர் நகருந்தோறும் ஒரு குறிப்பு எழுமாறு அதனை அமைக்கலாம். விரைவு மாறினும் உருவம் திரியாது. அறுந்த இழையின் இடமும் செவ்வனே புலப்படும்.

குறிப்பு மிகுவதும் தீதே. பறக்கும் பஞ்சுத்துகள் கதிரை மறைத்தால் பொய்க்குறிப்பு எழும். ஆகவே, மிகக் குறுகிய மறைப்பைப் புறக்கணிக்கும்படி கருவியை அமைப்பர். முந்திய படத்தை முடிக்குமுன் அடுத்த குறிப்பு வந்தால், காமிரா அதனை ஏற்காது விடலாம். அப்பொருள் சோதிக்கப்படாமலே போகும். இதனைக் கண்டறியக் குறிப்புகளையும் படங்களையும் எண்ணி ஒப்பிடுவர். எண்ணிக்கை வேறுபடின் பட்டையை நிறுத்துவர்.

கண் எத்துணைக் கூரியதாயினும், திறக்கும் பொழுதை அறியாவிடின் பயன் தாராது. நெசவாளர் பல்லாண்டுப் பழக்கத்தால் அறிந்துகொள்ளும் அப்பொழுதை, காமிராவுக்கு ஒரு சிறு மின்குறிப்பு உணர்த்துகின்றது.